ரப்பர் பால் கணக்கும் ஒரு கைப்பேசித் திரையும்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்கும் ஒரு கொள்முதல் நிலையத்தில், பால் ஊற்றுகிறவர்கள் கணக்கு பார்க்க ஒரு செயலி வைத்திருந்தார்கள். அதைத் திருத்திக் கொடுக்கும் வேலை போன வருடம் எங்களுக்கு வந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன மென்பொருள் குழுவில் நான் திரை வடிவமைப்பு பார்க்கிறேன். வேலையைக் கொடுக்கும்போதே காரணத்தையும் சொல்லிவிட்டார்கள்: "நம்ம ஆட்களுக்குப் போன் பார்க்கத் தெரியாது. அதான் யாரும் திறக்கிறதில்லை."

எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே ஆட்கள் வளைகுடாவில் இருக்கும் மகனோடு தினமும் வீடியோவில் பேசுகிறார்கள். பால் வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும் வாட்ஸ்அப்பில் அன்றைய ரப்பர் விலையைப் பார்க்கிறார்கள். இவ்வளவும் செய்கிறவர்கள் தங்கள் சொந்தக் காசு விவரத்தை மட்டும் ஏன் பார்க்காமல் விடவேண்டும்?

அதனால் கணினியைத் திறக்கும் முன்னால் கொள்முதல் ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். காலையில் பைக்கின் பின்னால் கேன் கட்டி ஒவ்வொருவராக வருவார்கள். பால் உறையாமலிருக்க அமோனியா விட்டிருப்பதால் ஷெட்டுக்குள் கண் எரியும். எடை போட்டு, சின்னக் குப்பியில் சாம்பிள் எடுத்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். சீட்டை வாங்கும்போது எல்லாரும் கேட்பது மூன்றுதான்: எத்தனை கிலோ, டி.ஆர்.சி. எவ்வளவு, பணம் என்றைக்கு வரும். பழைய செயலியில் இந்த மூன்றும் இருந்தன. ஆனால் ஆங்கில முகப்பு, கடவுச்சொல், உர விளம்பரம், 'எங்களைப் பற்றி' எல்லாம் தாண்டி உள்ளே போனால்தான் கண்ணில் படும்.

டி.ஆர்.சி. பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் சிக்கலே அங்கேதான் இருந்தது. ரப்பர் பாலில் பெரும்பங்கு தண்ணீர். அதிலிருக்கும் காய்ந்த ரப்பரின் விழுக்காடுதான் டி.ஆர்.சி.; பெரும்பாலும் 30-க்கும் 40-க்கும் இடையில் நிற்கும். பணம் அதற்குத்தான். 10 கிலோ பாலுக்கு டி.ஆர்.சி. 35 என்றால் 3.5 கிலோ ரப்பருக்குக் காசு. கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அங்கேயே ஒரு உத்தேசக் கணக்கு எடுக்கலாம். சரியான அளவு வேண்டுமென்றால் சாம்பிளை ஆசிட் விட்டு உறைய வைத்து, மெல்லிசாக அழுத்தி, அடுப்பில் காயவைத்து எடை போடவேண்டும். இந்த நிலையத்தில் இரண்டாவது வழிதான். ஆகவே முடிவு மறுநாள்தான் தெரியும்.

அந்த இடைப்பட்ட நேரத்தில் செயலி என்ன காட்டியது தெரியுமா? 'டி.ஆர்.சி. 0.00, தொகை ரூ.0.00.' வயதான ஒரு அம்மா போனை என் பக்கம் நீட்டி, "மக்களே, எனக்க பாலுல ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டார். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் வெட்டி, சிரட்டை சிரட்டையாகச் சேர்த்து ஊற்றிய பால் அது. எண் இன்னும் வரவில்லை என்பதற்கும் எண்ணே பூஜ்ஜியம் என்பதற்கும் நிரல் எழுதியவர் வித்தியாசம் வைக்கவில்லை. ஒருமுறை இப்படிப் பார்த்த ஆள் அந்தச் செயலியை நம்புவாரா? யாரும் திறக்காததற்குப் பெரிய காரணமாக எனக்குப் பட்டது இதுதான்.

புதிய திரையில் அந்த இடத்தில் 'சாம்பிள் காய்கிறது, நாளை மதியத்துக்குள் தெரியும்' என்று போட்டோம். முடிவு வந்ததும் கணக்கை ஒரே வரியில் காட்டினோம்: 10 கிலோ, டி.ஆர்.சி. 35, ரப்பர் 3.5 கிலோ, இன்றைய விலை, உங்கள் தொகை. நிரலில் இது சின்ன வேலை. பலன் பெரிது.

அடுத்த தலைவலி ஓடிபி. திறக்கும்போதெல்லாம் ஓடிபி கேட்கும். பல வீடுகளில் பதிவு செய்த எண் மகனுடையது, மகன் இருப்பதோ துபாயில். அவர் வேலை முடிந்து வந்து எண்ணைச் சொல்வதற்குள் நேரம் தாண்டிவிடும். அதனால் பதிவை ஷெட்டிலேயே, எழுத்தர் பாஸ்புக்கையும் ஆளையும் பார்த்து ஒருமுறை செய்யும்படி மாற்றினோம். அதற்குப்பிறகு நாலு இலக்க எண் போதும். பாதுகாப்பு போய்விடுமே என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. செயலியில் கணக்கைப் பார்க்க மட்டும்தான் முடியும், வங்கி விவரத்தை மாற்ற நேரில்தான் வரவேண்டும் என்று வைத்ததும் அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் விரல். பால் காய்ந்து விரல் நுனியில் தோல்போல ஒட்டியிருக்கும். தொட்டால் திரை சரியாக உணராது. ஆண்ட்ராய்டு வழிகாட்டி தொடும் இடத்துக்குக் குறைந்தது 48 டிபி (திரையில் அளக்கும் அலகு), அதாவது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் சொல்கிறது. நாங்கள் அதைவிடப் பெரிதாக வைத்தோம். வெளிர்சாம்பல் எழுத்தைக் கறுப்பாக்கினோம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் விதி. கீறல் விழுந்த திரையை வெயிலில் பார்க்கிறவருக்கு அதுவே போதாது. பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வருவதால், கடைசியாக வந்த கணக்கைப் போனிலேயே வைத்து, எத்தனை மணி நிலவரம் என்பதையும் மேலே காட்டினோம்.

தாளில் வரைந்த திரைகளை வைத்தே முதல் சோதனை. ஐந்து பேரிடம் காட்டினாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று திரைப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதை நம்பித்தான் இறங்கினோம், ஏமாற்றவில்லை. மூன்றாவது ஆளிலேயே ஒரே இடத்தில் எல்லாரும் தடுமாறுவது தெரிந்துவிட்டது. கஷ்டமான பகுதி, வாயைக் கட்டிக்கொண்டு பார்ப்பதுதான். பக்கத்தில் நின்ற எழுத்தர் "அண்ணே, அதை அமுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லவேண்டி வந்தது. சொல்லிக்கொடுத்தால் திரையின் குறை தெரியாமலே போய்விடும்.

உர விளம்பரம் முதல் பக்கத்திலேயே வேண்டும் என்று நிர்வாகம் கடைசிவரை கேட்டது. கணக்குக்குக் கீழே வைக்கலாம், மேலே கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது காலையில் ஷெட்டில் நின்றபடியே முந்தின நாள் கணக்கைப் பார்க்கிறார்கள். தொகை குறைந்தால் எழுத்தரிடம் திரையைக் காட்டி, டி.ஆர்.சி. ஏன் இறங்கியது என்று கேட்கிறார்கள். சண்டை குறைந்தது என்று சொல்லமாட்டேன். சண்டை இப்போது எண்ணை வைத்து நடக்கிறது, எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தோட்டம் ஒருவருடையது, வெட்டுகிறவர் வேறொருவர், வருமானம் பங்கு என்றிருக்கும் இடங்களில் கணக்கு தோட்டக்காரர் எண்ணில் மட்டும்தான் திறக்கும். வெட்டுகிறவருக்கும் அதே கணக்கு தெரிய ஒரு வழி வரைந்து கொடுத்திருக்கிறேன். தோட்டக்காரர்களின் சம்மதம் வேண்டும் என்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பேசச் சொல்லியிருக்கிறேன்.