மோரிஸ் மைனரில் ஒழுகுவது என்ன?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மோரிஸ் மைனர் மாதிரி யார் வீட்டுப் பழைய காரின் அடியில் ஈரம் தெரிந்தாலும் "ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) போயிடுச்சு" என்றுதான் முதலில் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். இன்ஜினை நன்றாகத் துடைத்துவிட்டு, ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பழுப்போ கறுப்போ என்றால் ஆயில், பச்சையாக இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), கிட்டத்தட்ட நிறமில்லாமல் சக்கரத்தின் உள்பக்கம் வடிந்தால் பிரேக் ஃப்ளூயிட். அது வந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், ஏனென்றால் மைனரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சர்க்யூட்தான், ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கு பிரேக்கும் போய்விடலாம். டர்பன் காற்றின் ஈரத்தை அந்த ஃப்ளூயிட் உறிஞ்சி, சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஆயில் கீழேயும் பின்னாடியும் ஓடும், அதனால் நனைந்த இடங்களில் மிக மேலே இருப்பதைத் தேடுங்கள். பல நேரம் இன்ஜினின் மேல் மூடியான ராக்கர் கவருக்கு அடியில் இருக்கும் கார்க் கேஸ்கெட்தான். புதுசு போட்டு அளவாக இறுக்குங்கள், ரொம்ப முறுக்கினால் கார்க் பிதுங்கிவிடும்.

அப்புறம் இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்கின் பின்பக்கம். பெரும்பாலான மைனர்களில் இருக்கும் ஏ-சீரிஸ் இன்ஜினில் அங்கே ரப்பர் சீலே கிடையாது, ஆயிலை உள்ளே திருப்பிவிடும் சுருள் வரிகள்தான். இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். இன்ஜினை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் ப்ரீதரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.