புள்ளி குறிக்கப் பழக்கும்போது: மாங்குளம் சந்தியிலிருந்து ஒரு தெக்காட்டின் தளம்

தெக்காட்டின் தளத்தில், அதாவது இரண்டு எண்கோடுகள் அச்சுகளாகச் செங்குத்தாக வெட்டும் தளத்தில், ஒரு புள்ளியைக் குறிப்பது பார்ப்பதற்கு அரை நிமிட வேலை. ஏழாம், எட்டாம் தரத்தில் அது சரியாகப் பழகாத பிள்ளை ஒன்பதாம் தரத்து நேர்கோட்டு வரைபில் தடுமாறி, சாதாரண தரத்தில் இருபடிச் சார்பின் வளையியைக் கோணலாக வரைகிறது. நாம் பதினோராம் தரத்தில் வளையியைத் திருத்திக்கொண்டிருப்போம். பிழையோ நாலு வருடம் பழையது.

முதலில் பார்க்கவேண்டியது, பிள்ளை அச்சில் இலக்கங்களை எங்கே எழுதுகிறது என்பதை. சதுரக்கோட்டுக் கொப்பியைக் கொடுத்து அச்சு வரையச் சொன்னால் பலர் 1, 2, 3 என்பவற்றைக் கோடுகளுக்கு நேரே எழுதாமல் கட்டங்களுக்கு நடுவே எழுதுவார்கள். இதைக் கவனயீனம் என்று ஏசக் கூடாது. சலாகை வரைபில் ஒவ்வொரு சலாகைக்கும் கீழே, நடுவிலே பெயர் எழுதித்தான் அவர்கள் பழகியிருக்கிறார்கள். அதே கை இங்கேயும் வருகிறது. அப்படி எழுதிய பிள்ளைக்கு 1 எங்கே தொடங்குகிறது, 0 எங்கே இருக்கிறது என்பது தெரியாது. புள்ளியும் கட்டத்துக்கு நடுவில் போய் உட்காரும். அடிமட்டத்தை எடுத்து அச்சின் மேலே வையுங்கள். அடிமட்டத்தில் இலக்கம் கோட்டுக்கு நேரே நிற்பதையும், 0 இலிருந்து 1 வரை ஒரு முழு இடைவெளி இருப்பதையும் பிள்ளை தானே காணட்டும். மறை எண்களையும், அச்சுகள் வெட்டும் உற்பத்திப் புள்ளியிலிருந்து வெளியே நோக்கித்தான் எழுதவேண்டும். இடது ஓரத்தில் −1 என்று தொடங்கி வலப்பக்கமாக −2, −3 என்று வந்தால் எண்கோடே தலைகீழாகிவிடும்.

அடுத்தது ஒழுங்கு. (2, 5) ஐக் குறிக்கச் சொன்னால் (5, 2) இல் போடுவது எல்லா வகுப்பிலும் இருக்கிறது. இதற்குப் பனைமரம் நன்றாகக் கைகொடுக்கும். பனையடிக்கு நடந்து போனபிறகுதான் ஏறலாம்: முதல் எண் நடை, இரண்டாவது ஏற்றம். இரண்டாவது எண் மறையானால் அந்த இடத்தில் மரமில்லை, கிணறு, இறங்கவேண்டும். வகுப்பு முழுவதும் வாய்விட்டுச் சொல்லட்டும்: (−3, 2) என்றால் "இடப்பக்கம் மூன்று நடை, இரண்டு ஏற்றம்". (−3, −2) என்றால் "இடப்பக்கம் மூன்று நடை, இரண்டு இறக்கம்".

ஆனால் இந்த உவமையை இரண்டு கிழமைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். முதலில் ஏறிப் பிறகு நடந்தாலும் அதே புள்ளிக்குத்தான் போவோம். முக்கியமானது எந்த எண் எந்த அச்சுக்கு உரியது என்பதே. அதைச் சொல்லாமல் விட்டால், பின்னால் ஒரு புள்ளியின் ஆள்கூறுகளை, அதாவது அதற்குரிய இரண்டு எண்களை, வாசிக்கச் சொல்லும்போது பிள்ளை குழம்பும். வாசிக்கும்போது புள்ளியிலிருந்து எக்ஸ் அச்சுக்கு (கிடையச்சுக்கு) நேரே ஒரு விரலும் வை அச்சுக்கு (நிலைக்குத்து அச்சுக்கு) நேரே ஒரு விரலும் ஓட்டப் பழக்குங்கள்.

பூச்சியம் வரும் சோடிகளுக்குத் தனியாக ஒரு பாடவேளையே ஒதுக்கலாம். (0, 4) ஐப் பிள்ளை எக்ஸ் அச்சில் வைக்கும். கண்ணில் படுகிற எண் 4 மட்டும்தான், அதை முதலில் நடந்துவிடுகிறது. "நடை இல்லை, நாலு ஏற்றம்" என்று சொல்லவைத்தால் கை வை அச்சுக்குப் போகும். (4, 0), (0, −4), (−4, 0), (0, 0) ஆகியவற்றையும் அதே பாடவேளையில் கலந்து கொடுங்கள்.

வன்னிப் பிள்ளைகளுக்கு, அச்சுகள் தளத்தைப் பிரிக்கும் நான்கு பகுதிகளையும் காட்ட மாங்குளம் சந்தியை விட நல்ல உற்பத்திப் புள்ளி கிடைக்காது. ஏ9 வீதி வடக்குத் தெற்காக ஓடுகிறது. கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும், மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பக்கமும் வீதிகள் பிரிகின்றன. ஓரலகுக்குப் பத்துக் கிலோமீற்றர் என்று வைத்தால் புதுக்குடியிருப்பு கிட்டத்தட்ட (3, 2) இலும், பூநகரி (−3, 4) இலும், மடு (−3, −3) இலும், நெடுங்கேணி (2, −1) இலும் விழும். நாலு ஊரும் நாலு பகுதியில். இலக்கங்களை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தேசப்படத்தைக் கொடுத்து, பிள்ளைகளே அடிமட்டத்தால் அளந்து கிட்டிய முழுவெண்ணுக்கு எடுக்கட்டும். வீதித் தூரம் வேண்டாம், நேர்த்தூரம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லுங்கள். இங்கே ஒரு நல்ல கேள்வி எழும். கிளிநொச்சி ஏ9 இல் இருப்பதால் அது வை அச்சில்தான் இருக்கிறது என்று பிள்ளை சொல்லும். அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் அது அச்சுக்குச் சற்று மேற்கே, வவுனியா சற்றுக் கிழக்கே. வீதி வளையும், அச்சு வளையாது.

முற்றத்திலும் செய்யலாம், வெயில் ஏறமுன் காலை முதல் பாடவேளையில். ஆறு மீற்றர் கயிறு இரண்டு எடுத்து 60 சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் −5 இலிருந்து 5 வரை பதினொரு முடிச்சு வரும். நடு முடிச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று வரும்படி செங்குத்தாக இழுத்து நுனிகளில் தடி அடியுங்கள். பிழைக்கிற இடம் ஒன்று உண்டு: இடப்பக்கம் நடக்கும்போது பிள்ளை உடம்பையும் இடப்பக்கம் திருப்பிவிடும், பிறகு "முன்னால் இரண்டு" என்றால் மேற்கே போகும். எல்லோரும் எப்போதும் வடக்கே பார்த்தபடி நிற்கவேண்டும். எக்ஸுக்குப் பக்கவாட்டில் கால் வைப்பு, வைக்கு முன்னும் பின்னும்.

பயிற்சிக்குப் புள்ளிகளைத் தெரிவதில்தான் ஆசிரியரின் வேலை கூட இருக்கிறது. பிழை விட்டால் அது பிள்ளைக்கே தெரியவேண்டும். செவ்வகம் கொடுத்தால் தெரியாது. எல்லாச் சோடியையும் மாற்றிப் போட்டாலும் செவ்வகம்தான் வரும், பிள்ளை சரியென்று கொப்பியை மூடிவிடும். எழுத்துக் கொடுப்பது நல்லது, ஆனால் எல்லா எழுத்தும் உதவாது. (−2, 3), (−2, −1), (2, −1) ஆகியவற்றை வரிசையாக இணைத்தால் "ட" வரும். சோடிகளை மாற்றிக் குறித்துப் பாருங்கள், இடம் மாறினாலும் அப்போதும் "ட"தான். (−2, 3), (−2, −1), (3, −1), (3, 3) கொடுத்தால் "ப" வரும். மாற்றிக் குறித்தவருக்கு அந்த "ப" வாய் மேலே இல்லாமல் வலப்பக்கம் பார்த்தபடி படுத்துக் கிடக்கும். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்ததுமே தன் பிழை புரிந்துவிடும்.

இனிச் சோதனை. கூர் சீவிய பென்சிலால் சிறிய புள்ளடி இடப் பழக்குங்கள். உருட்டிய தடித்த புள்ளி ஒரு சிறு பிரிவையே மூடிவிடும். அளவிடையை அச்சு வரையமுன் தீர்மானிக்கவேண்டும். பத்துச் சிறு பிரிவுகள் ஓரலகு என்றால் ஒரு பிரிவு 0.1. பத்துப் பிரிவுகள் இரண்டலகு என்றால் ஒரு பிரிவு 0.2, அப்போது 1.5 ஐ ஏழரைப் பிரிவில் குறிக்கவேண்டும், பலர் பதினைந்தாவதில் குறிக்கிறார்கள்.

வை = எக்ஸ்² − 3 என்ற இருபடிச் சார்பை எடுங்கள். −3 இலிருந்து 3 வரை பெறுமானங்கள் 6, 1, −2, −3, −2, 1, 6. பிள்ளை −2 இன் வர்க்கத்தை −4 என்று எடுத்தால் அட்டவணையில் −7 வரும். அந்தப் புள்ளி மற்றவற்றை விட்டு வெகுகீழே தொங்கும். அதையும் சேர்த்து இழுத்து வளையியை நெளிக்காமல், அட்டவணைக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள். சமச்சீர் அச்சின் (இங்கே வை அச்சின்) இரு பக்கமும் பெறுமானங்கள் சோடியாக வராவிட்டால் பிழை அட்டவணையில்தான். புள்ளிகளை அடிமட்டத்தால் இணைக்கக் கூடாது, அடியைத் தட்டையாக்கவும் கூடாது. கொப்பியைத் திருப்பி, மணிக்கட்டு வளைவுக்கு உள்ளே இருக்கும்படி வைத்து ஒரே வீச்சில் வரைந்தால் வளையி ஒழுங்காக வரும். வளையி எக்ஸ் அச்சை வெட்டும் இடங்களை வாசிக்கக் கேட்டால், பத்துப் பிரிவு ஓரலகு என்ற அளவிடையில் 1.7, −1.7 என்று எழுதினால் சரி. 1.73 என்று எழுதுகிற பிள்ளை கணித்து எழுதியிருக்கிறது. வரைபைப் பயன்படுத்தி என்று வினா கேட்டிருந்தால், வெட்டும் இடத்திலேயே பென்சிலால் அடையாளமிட்டு, அங்கிருந்துதான் வாசிக்கவேண்டும்.