டெல்டாவில் பார்சல் வண்டிகளின் டீசல் செலவைக் குறைத்த விதம்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போக சுமார் 12 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைத் தாண்டியாக வேண்டும். டெல்டாவில் டீசல் வீணாவதற்கு முதல் காரணமே இதுதான். எதிர்க்கரை ஊர் கண்ணுக்கு எதிரே தெரியும். வேன் ஏறுகிற பாலத்துக்குச் சில கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். பின்கோடு பார்த்து லோடு பிரித்தால் ஒரே வண்டி ஒரே ஆற்றை இரண்டு மூன்று தடவை தாண்டும்.

அதனால் எங்கள் குடோனில் பார்சல் பிரிப்பதையே கரைவாரியாக மாற்றினோம். போகும்போது வடகரை ஊர்கள், கடைசிப் பாலத்தில் திரும்பி வரும்போது தென்கரை ஊர்கள். கடைசி ஊர்ப் பார்சல் முதலில் ஏறும். எந்தப் பாலத்தில் வேன் போகும், எதில் பைக் மட்டும் போகும் என்று டிரைவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவசியம். மேப் வாய்க்கால் கரையையும் ரோடு என்றே காட்டும். ஐப்பசி மழையில் அந்தக் களிமண்ணில் இறங்கினால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

சம்பா அறுவடை நேரத்தில் ரோட்டில் நெல் காயும். பனி விலகி வெயில் ஏறிய பிறகுதான் நெல்லைப் பரப்புவார்கள். அந்தக் கிராமங்களைக் காலையிலேயே முடித்துவிட்டால் இரண்டாவது கியரில் ஊர்ந்து போக வேண்டியதில்லை. வைக்கோல் தூசி ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். இழுவை குறையும், கரும்புகை வரும். அந்த இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் ஊத வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் தூசி ஃபில்டர் காகிதத்துக்குள் இறங்கிவிடும். காகிதம் கிழிந்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது, இல்லையென்றால் இன்ஜினே தேய்ந்து போகும்.

மிச்சமாகிறதா என்று தெரிய அளந்துதான் பார்க்க வேண்டும். ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில், நாசில் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அதேபோல் நிரப்பும்போது 20 லிட்டர் பிடித்து 320 கிலோமீட்டர் ஓடியிருந்தால் மைலேஜ் 16. ஒரு தடவைக் கணக்கில் ஒரு லிட்டர் முன்பின் ஆகலாம் என்பதால் நான்கு நிரப்பலின் சராசரியைத்தான் நம்ப வேண்டும்.

மைலேஜ் திடீரென்று இறங்கினால் டிரைவரைத் திட்டுவதற்கு முன் சக்கரத்தைப் பாருங்கள். தண்ணீரிலும் சேற்றிலும் ஓடிய வண்டியில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். ஓடி வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால், பிடித்திருக்கும் சக்கரத்தில் மட்டும் சூடு அடிக்கும். தொட்டுவிட வேண்டாம். ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும்.

காற்றை வண்டி கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். அளவு கதவோர ஸ்டிக்கரில் இருக்கும். ஓடிய டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதிகம் என்று காற்றை இறக்கிவிட்டால், ஆறியதும் குறைவாகிப் போய் உருளவே கூடுதல் டீசல் பிடிக்கும்.

ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைக்கச் சொல்லி எத்தனை நோட்டீஸ் ஒட்டினாலும் டிரைவர் அணைக்க மாட்டார், பேட்டரி வீக்காக இருந்தால். மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும் என்ற பயம் நியாயமானது. டெர்மினலில் பூத்திருக்கும் உப்பை வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவி இறுக்குங்கள். அப்புறம் சொன்னால் கேட்பார்.

இன்னொன்று, கொடுக்க முடியாமல் திரும்பி வரும் பார்சல். கிராமத்து முகவரியில் பெரும்பாலும் மேலத்தெரு, கீழத்தெரு என்று மட்டும்தான் இருக்கும், கதவு எண் இருக்காது. நடவு, அறுவடை நாட்களில் காலையில் வீட்டில் ஆள் இருக்காது. முதல் நாள் மாலையே போன் போட்டு, யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டு, பெட்டி மேலேயே எழுதிவிட வேண்டும். ஒரு பார்சலுக்காக அதே பாலத்தை மறுநாளும் தாண்டுவதைவிட அந்தப் போன் மலிவு.