நுவரெலியா குளிரும் எபொக்சியும்

பிடுங்கிப் போட்ட பழைய தேயிலை வேர் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, எபொக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் இறுகும் பிசின்) ஊற்றி டீப்போ, அதாவது சின்ன மேசை, செய்யலாம் என்று இறங்கினேன். 24 மணித்தியாலத்தில் இறுகும் என்று போத்தலில் போட்டிருந்தது. மூன்றாம் நாளும் விரல் வைத்தால் ரேகை பதிகிறது!

அந்தக் கணக்கு 25 பாகை அறைக்கு. இங்கே ராத்திரி 10 பாகைக்கு இறங்கினால் அதுவும் போர்வை கேட்கும். எபொக்சி பெயின்ட் மாதிரி காய்வதில்லை. ரெசின் என்ற பிசினும் அதை இறுக்குகிற ஹார்ட்னரும் வினைபுரிந்து, சூட்டை வெளிவிட்டு இறுகுகிறது. 10 பாகை குறைந்தால் வேகம் ஏறத்தாழ பாதி. நானோ அவசரத்தில் ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட ஊற்றியிருந்தேன், அம்மா குழம்புக்குப் புளி விடுகிற மாதிரி. மிஞ்சிய ஹார்ட்னருக்குச் சேர ஜோடி இல்லை, பிசுபிசுப்பு அப்படியே நின்றுவிட்டது. முழுவதையும் சுரண்ட ஒரு ஞாயிறு போனது.

அப்புறம் வகை. மேலே பூசுகிற ரெசினை ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் அளவில்தான் ஊற்றலாம். வேர் இடுக்கில் 2 அங்குலம் ஊற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் புகைந்து வெடிப்பு விழலாம். ஆழத்துக்கென்றே மெதுவாக இறுகும் வகை தனியாக இருக்கிறது.

இரண்டாம் முறை போத்தல்களை வெந்நீரில் வைத்து எடுத்து, லேபலில் சொன்னபடி தராசில் நிறுத்து, அடுப்படிச் சுவருக்கு மறுபக்க அறையில் ஊற்றினேன். கண்ணாடி போல இருக்கிறது. உள்ளே ஒரு கொசு மட்டும் மாட்டிக்கொண்டது.