ஜாயின்டருக்கு உள்ளளவு, கிளிப்புக்கு வெளியளவு: ஒழுகிய ஹோஸோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

கொல்லைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் 15 மீட்டர் ஹோஸ், துவைகல்லின் மூலையில் மடங்கி மடங்கியே ஓரிடத்தில் பிளந்துவிட்டது. அரை மணி நேர வேலை என்று எண்ணித் தொடங்கிய எனக்கு, அதை முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

முதலில் சுற்றிய இன்சுலேஷன் டேப், மறுநாளே பிசுபிசுத்துக் கழன்றது. அடுத்து, இரண்டு உருண்டைகளைப் பிசைந்து ஒட்டும் எபாக்சி பசையைப் பூசி ஓர் இரவு காயவிட்டேன். ஹோஸ் வளையும், காய்ந்த பசை வளையாது. சுருட்டி ஆணியில் மாட்டிய அன்றே அது முட்டை ஓடு போலப் பெயர்ந்து விழுந்தது. பிளந்த இடத்தை வெட்டியெறிந்துவிட்டு, இரு முனைகளுக்குள்ளும் நுழைந்து அவற்றை இணைக்கும் ஜாயின்டர் போடுவதே வழி என்பது அப்போதுதான் உறைத்தது.

உண்மையான சறுக்கல் அதன் பிறகுதான். ஹோஸின் குறுக்கே ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 19 மில்லிமீட்டர் காட்டியது. முக்கால் அங்குலம் என்று முடிவு கட்டி, அந்த அளவு ஜாயின்டரும், ஹோஸை வெளியே சுற்றித் திருகி இறுக்கும் இரண்டு கிளிப்புகளும் வாங்கி வந்தால், ஜாயின்டர் ஹோஸின் வாய்க்குள் நுழையவே இல்லை. கடையில் அரை, முக்கால் என்று சொல்வது உள்விட்டத்தை. என் ஹோஸின் உள்விட்டம் ஏறத்தாழ 12.5 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம்தான். மீதியெல்லாம் நைலான் பின்னல் போட்ட அதன் தடித்த சுவர். மாற்றிக் கேட்டபோது, "கவர் பிரிச்ச சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்" என்று கடைக்காரர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி எடுத்துச் சென்றிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. கிளிப் விஷயம் நேர்மாறு: அதை வெளிவிட்டத்துக்குப் பொருந்த வாங்க வேண்டும். முதலில் வாங்கியவை முக்கால் அங்குல ஹோஸின் வெளிவிட்டத்துக்கானவை என்பதால், கடைசிவரை திருகியும் தொளதொளவென்றே இருந்தன.

அடுத்த வாரம் துண்டோடு போய், அரை அங்குலப் பித்தளை ஜாயின்டரும் சிறிய கிளிப்புகளும் வாங்கி வந்தேன். கூரிய பிளேடால் முனைகளை நேராக வெட்டி, கிளிப்புகளை முதலிலேயே கோத்துவிட்டு, ஒவ்வொரு முனையையும் ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கியதும் ஜாயின்டர் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. லைட்டரால் சூடாக்குவது வேண்டாம். ஹோஸ் உருகிக் கருகிவிடும். கிளிப்பை இறுக்குவதிலும் நிதானம் தேவை. ஆத்திரத்தில் நான் திருகிய திருகலில் தகடு ஹோஸின் தோலை அறுத்துவிட, மேலும் ஓர் அங்குலத்தை வெட்டி மறுபடி பொருத்த வேண்டியதாயிற்று.

தண்ணீரைத் திறந்தபோது ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனால் முனையை விரலால் அடைத்ததும் இணைப்பில் கசிந்தது. வாய் திறந்திருந்தால் தண்ணீர் ஓடிவிடுகிறது. மூடினால்தான் மாடித் தொட்டியின் முழு அழுத்தமும் இணைப்பின் மேல் விழுகிறது. ஆகவே முனையை அடைத்துச் சோதிக்காமல் வேலை முடிந்தது என்று நம்பிவிடாதீர்கள். சூட்டில் இளகியிருந்த பிளாஸ்டிக் ஆறி அமர்ந்த பின், மறுநாள் காலை இரண்டு கிளிப்புகளையும் அரைச் சுற்று கூடுதலாக இறுக்கினேன். பிறகு இணைப்பின் மேல் செய்தித்தாளைச் சுற்றி, முனையை அடைத்துக்கொண்டு பத்து நிமிடம் துவைகல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். தாள் நனையவில்லை.