அப்பாவின் பாண்டமுக்கு வீட்டில் பார்க்கரைசிங் செய்த அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில்தான் எங்கள் வீடு. ரயில் பாதை தாண்டினால் கடல். இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஜன்னல் கம்பி, கேற் பிணைச்சல், சைக்கிள் செயின் என்று எதை வைத்தாலும் உப்புக்காற்று தின்றுவிடும். அப்படித்தான் படிக்கட்டுக்குக் கீழே பல வருடம் நின்ற அப்பாவின் பி.எஸ்.ஏ. பாண்டம் மோட்டார் சைக்கிளும் கறள் பிடித்துப் போனது. 123 சிசி, இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின். அப்பா இளவயதில் இரண்டாம் கையாக வாங்கிய வண்டி.

கழற்றத் தொடங்கியபோது என்ஜின் பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்தது. சின்னச் சாமான்கள்தான் பாவம். பிரேக் பெடல், கால்மிதித் தண்டு, செயின் அஜஸ்டர், என்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட்கள் எல்லாம் செம்மண்ணில் புரண்டு எழுந்ததுபோல் இருந்தன. “பெயின்ற் அடிச்சா முடிஞ்சுது தானே தம்பி?” என்றார் அப்பா. பெயின்ற் அடித்த போல்டில் ஒரு தடவை ஸ்பனர் போட்டாலே மூலை பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்தால் உள்ளே போகிற கறள் பெயின்றுக்கு அடியிலேயே பரவும். ஒருமுறை சைக்கிளில் அது எனக்கு நடந்திருக்கிறது.

உருக்கின் மேல் பொஸ்பேற் பூச்சு ஏற்றும் பார்க்கரைசிங் முறை பற்றி எனக்குத் தெரியவந்தது பழைய துப்பாக்கிகளைப் புதுப்பிப்பவர்கள் மூலம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் தூக்கிய எம்1 கராண்ட் துப்பாக்கியில் தெரியும் மினுக்கமில்லாத சாம்பல் நிறம் இந்தப் பூச்சுத்தான். எங்கள் நாட்டில் துப்பாக்கி விஷயம் 1916ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருவது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதில் கை வைக்க முடியாது, எனக்கு அந்த ஆசையும் இல்லை. ஆனால் இரும்புக்கு அது துப்பாக்கியா, பெடலா என்று தெரியாது. பாண்டமின் பெயரில் உள்ள பி.எஸ்.ஏ.யே பர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ், துப்பாக்கி செய்து தொடங்கிய கம்பனி. சாய்த்து அடுக்கிய மூன்று துப்பாக்கிகள்தான் அதன் சின்னம். இரும்பைப் பொஸ்பேற் கரைசலில் காய்ச்சிக் கறளிலிருந்து காக்கும் முறைக்கு 1906இல் காப்புரிமை எடுத்த தோமஸ் கொஸ்லெற்றும் அதே பர்மிங்ஹாம்காரர். பிறகு அமெரிக்காவில் பார்க்கர் குடும்பத்தார் அதை விருத்தி செய்து கம்பனி நடத்தியதால் அவர்களுடைய பெயர் ஒட்டிக்கொண்டது.

பாண்டம் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்தச் சாமான்களில் இப்பூச்சு இருக்கவில்லை. கண்காட்சிக்கு வைப்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். எனக்கு வண்டி கடற்கரை வீதியில் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரித்தேன். இந்த வேலை இரும்பிலும் சாதாரண உருக்கிலும்தான் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம், பித்தளையில் பிடிக்காது. குரோம் பூசிய சாமான்களை ஒதுக்கினேன். இருக்கை ஸ்பிரிங்குகளையும் ஒதுக்கினேன். அமிலத்தில் கிடக்கும்போது வரும் ஹைட்ரஜன் கடினமான உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்க வைத்துவிடும். ஆள் ஏறி இருக்கும்போது ஸ்பிரிங் உடைந்தால் என்னாவது? அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகளின் நட்டுகளில் காட்மியம் பூசியிருப்பதும் உண்டு. காட்மியம் நஞ்சு. அரத்தாலோ மணலாலோ தேய்த்தால் தூசு மூச்சோடு உள்ளே போகும். சந்தேகமான நட்டுகளை உரசாமல் பையில் கட்டி வைத்துவிட்டு, பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பதிலுக்குத் தேடினேன். பழைய சைக்கிள் வகைத் திருகு நூலில் (புரியில்) நட்டு கேட்டதும் இரண்டு கடைக்காரர் சிரித்தார்கள். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் பிஸ்கட் டின் ஒன்றைக் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து எடுத்துத் தந்தார். காசும் அதிகம் கேட்கவில்லை.

கறளை எடுக்க, காற்றழுத்தத்தால் மணல் அடிக்கும் இடமொன்றில் கொடுத்தேன். அங்கேதான் முதல் பிழை. நூலை மூடாமல் கொடுத்துவிட்டேன், ஒரு போல்டின் நூல் மழுங்கியே போயிற்று. பிறகு மற்றதெல்லாவற்றிலும் தடித்த ரேப் சுற்றிக் கொடுத்தேன். மணல் அடித்த உருக்கு வெளிறிய சாம்பலாக, பொடி உப்பு ஒட்டியதுபோல் சொரசொரப்பாக வரும். அந்தச் சொரசொரப்பில்தான் பூச்சு சீராகப் பிடிக்கும். கொழும்புக் காற்றில் அது ஒரு இரவுகூடத் தாங்காது, காலையில் மஞ்சள் ஏறிவிடும். அடித்த அன்றே காய்ச்சினேன்.

கரைசலுக்கு நான் எடுத்த அளவு: பெற்றோல் செட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர் (அமிலமில்லாத வடித்த நீர்) நான்கு லீற்றர், லீற்றருக்கு 30 மில்லிலீற்றர் கணக்கில் செறிந்த பொஸ்போரிக் அமிலம், லீற்றருக்கு 15 கிராம் அளவில் மங்கனீஸ் டயொக்சைட் என்ற கறுப்புத் தூள். அமிலத்தைத்தான் தண்ணீருக்குள் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்துக்குள் ஒருபோதும் ஊற்றக் கூடாது. கண்ணாடி, இறப்பர்க் கையுறை, நீளக்கைச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டேன். பானை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அலுமினியப் பானையை அமிலம் அரித்துவிடும். இந்தப் பானை இனி சமையலுக்குத் திரும்பாது என்று அம்மாவுக்கு முதலிலேயே சொல்லி, புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். காய்ச்சும்போது சாமானிலிருந்து ஹைட்ரஜன் குமிழி வரும், அது தீப்பற்றும், அதனால் காஸ் அடுப்பு ஆகாது. மின்சார அடுப்பைப் பின்முற்றத்தில் வைத்தேன்.

முதல் தடவை தோற்றது. வெப்பமானியில் 90 பாகை காட்டியதும் பிரேக் பெடலைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். அரை மணித்தியாலம் கழித்து எடுத்தால் நாய்க்குட்டி முதுகுபோல் திட்டுத்திட்டாக இருந்தது. இரண்டு காரணம். ஒன்று, புதுக் கரைசலில் கரைந்த இரும்பு இல்லை. இந்தப் பூச்சு தோன்றும் விதமே அப்படித்தான்: அமிலம் உருக்கின் மேற்பரப்பைச் சிறிது கரைக்கிறது, அந்த இடத்தில் அமிலத்தன்மை குறைகிறது, குறைந்த இடத்தில் மங்கனீஸ், இரும்புப் பொஸ்பேற்றுகள் மிகச் சின்னப் பளிங்குகளாகப் படிந்து உருக்கோடு பிணைகின்றன. கரைசலில் முன்பே இரும்பு இருந்தால் இது ஒழுங்காக நடக்கும். எண்ணெய் நீக்கிய இரும்பு நாரை ஒரு பிடி போட்டுக் கரையவிட்ட பிறகு கரைசல் சரியாயிற்று.

மற்றக் காரணம் என் பெருவிரல். பெடலின் கழுத்தில் மங்கலாக ஒரு முட்டை வடிவம் தெரிந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ரேகைக் கோடு கோடாக இருக்கிறது. கழுவிய பிறகு கையுறை இல்லாமல் ஒரே ஒரு தடவை பிடித்திருக்கிறேன். அந்த ஒரு துளி எண்ணெய்ப் பசைக்கே பூச்சு ஏறவில்லை. அதன் பின் ஒவ்வொரு சாமானையும் அசெற்றோனில் துடைத்து, பாத்திரம் கழுவும் திரவமும் கொதிநீரும் போட்டுப் பிரஷால் தேய்த்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக வழிந்தால்தான் சுத்தம். முத்து விட்டால் திரும்பவும் தேய்க்க வேண்டும். இந்த வேலையில் பாதி நேரம் கழுவுவதிலேயே போயிற்று, கரைசலுக்குள் சாமான் கிடந்தது இருபது நிமிடம்தான்.

இரண்டாம் தடவை இறக்கியதும் பெடலின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மணிமணியாகக் குமிழி கிளம்பியது, சோடாவில் போட்ட உலர்திராட்சைபோல். மூன்று நிமிடத்தில் உருக்கின் வெண்மை மங்கிற்று, பத்து நிமிடத்தில் கரும்சாம்பல். குமிழி அடங்கினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். 88 பாகைக்குக் கீழே இறங்காமலும் கொதிக்காமலும் பார்த்துக்கொண்டு அடுப்படியிலேயே இருந்தேன்.

எடுத்ததும் கொதிநீரில் கழுவி, அப்பச்சோடாத் தண்ணீரில் ஒருமுறை முக்கி, மறுபடியும் கொதிநீர். சாமான் சூடாக இருந்தால் தண்ணீர் தானே ஆவியாகிவிடும். ஒரு அஜஸ்டரைப் பச்சைத் தண்ணீரில் கழுவி வைத்தேன், காய்வதற்குள் செம்புள்ளி விழுந்தது. பூச்சு தனியாகக் கறளைத் தடுக்காது. அது நுண்துளை நிறைந்த படலம், எண்ணெயை உறிஞ்சிப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. சூடு ஆறும் முன்பே நீரை விரட்டும் எண்ணெய் தெளித்து, கியர் எண்ணெயில் இரவு முழுவதும் ஊறவிட்டேன். காலையில் எடுத்துத் துடைத்தபோது சாம்பல் போய்ப் பலகைக்கரிக் கறுப்பாக இருந்தது. நகத்தால் கீறினேன், கோடு விழவில்லை. அப்பா பெடலைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “மற்றப் போல்ட்களையும் போடுவமே?” என்றார். மிச்சப் போல்ட்களுக்கு வெப்பமானி பார்த்தவர் அவர்தான்.

மிஞ்சிய கரைசலைக் காணுக்குள் ஊற்றக் கூடாது. எங்கள் ஒழுங்கைக் காண் நேரே கடலுக்குத்தான் போகிறது. ஆறவிட்டு, வாளிக்குள் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அமிலத்தை அடக்கினேன். அடியில் தங்கிய சேற்றைத் துணியில் வடிகட்டி, உலர்த்தி, மூடிய டின்னில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

தென்மேல் பருவக்காற்று ஒரு முறை முழுதாக அடித்து ஓய்ந்துவிட்டது. போன ஞாயிறு டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெடலும் கால்மிதியும் அப்படியே இருக்கின்றன. பின் மட்காட்டுக்கு அடியில் கை போகாத இடத்து நட்டொன்றில் மட்டும், எண்ணெய் காய்ந்து, கடுகளவு செம்மஞ்சள். பழைய பல்துலக்கியால் தேய்த்து இரண்டு சொட்டு விட்டேன். அடுத்த மாதம் முதலில் அந்த நட்டைத்தான் பார்க்க வேண்டும்.