எட்டாவது புள்ளி

பத்தாம் வகுப்பில் நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். நிலா இல்லாத இரவு, விடுதி மொட்டை மாடி. விஞ்ஞான ஆசிரியர் எங்களை வரிசையாக உட்கார வைத்து, கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது, யாரையும் கேட்காமல் எழுதுங்கள் என்றார். எனக்குத் தெரிந்தது ஆறு. சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் வெளிச்சத்தில் பக்கத்தில் இருந்தவன் எட்டு என்று எழுதுவது தெரிந்தது, நானும் எட்டு என்று போட்டேன். ஐயா திட்டவில்லை. "சரி, அந்த எட்டையும் இருக்கிற இடத்தில் புள்ளி வைத்துக் காட்டு" என்றார். மாட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் பார்க்கவே சொல்லிக் கொடுத்தார். நல்ல இருட்டில் ஆறாம் ஒளித்தரம் வரை வெறும் கண்ணுக்குத் தெரியும் என்று புத்தகத்தில் இருக்கும் (நட்சத்திரத்தின் பிரகாசத்தை அளக்கிற எண் அது, எண் கூடக் கூட மங்கல், ஐந்து படிக்கு ஒளி நூறில் ஒரு பங்கு, 1856இல் வானியலாளர் போக்சன் வகுத்த கணக்கு), ஆனால் விளக்கு வெளிச்சத்திலிருந்து நேரே வந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு அந்த ஆறு கிடைக்காது. கண்ணின் கூம்பு செல்கள் பத்து நிமிடத்தில் இருட்டுக்குப் பழகிவிடும், மங்கலைப் பிடிக்கிற கோல் செல்களுக்கு அரை மணிக்கு மேல் வேண்டும், நடுவில் யாராவது வெள்ளை விளக்கைப் போட்டால் திரும்ப முதலிலிருந்து. சிவப்புத் தாள் அதற்குத்தான். இன்னொன்று, பார்வையின் நட்ட நடுவில் கோல் செல்களே கிடையாது, அதனால் மங்கலான நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தால் காணாமல் போகும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் வந்து நிற்கும். அன்று ஏழாவது வந்தது. எட்டாவது வரவே இல்லை.

யுரேனஸும் வெறும் கண்ணுக்குத் தெரியும் என்று அவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. ஒளித்தரம் 5.7 போல, விளிம்பில்தான் இருக்கிறது. 1690இல் ஆங்கில வானியலாளர் பிளாம்ஸ்டீட் அதைப் பார்த்து நட்சத்திரம் என்றே பதிந்து வைத்தார், கோள் என்று தெரிய 1781 வரை ஆனது. நெப்டியூனுக்கு ஆசைப்பட வேண்டாம், அது எட்டுக்குப் பக்கம்.

2025 கடைசியில் யுரேனஸ் கார்த்திகைக்குச் சில பாகை தெற்கே இருந்தது. விட மனமில்லாமல் நகரத்தை விட்டு வெகுதூரம் போய், நாற்பது நிமிடம் இருட்டில் உட்கார்ந்தேன். வயதாக ஆகக் கண்மணி விரிவதும் குறைகிறது, இளமையில் 7 மில்லிமீட்டர் என்றால் பிறகு 5 கூடக் கஷ்டம். ஏதோ ஒன்று வந்து வந்து போனது. வரைபடத்தைத் திறக்காமல், முதலில் தாளில் புள்ளியை வைத்தேன். பிறகு ஒப்பிட்டால் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி இருக்கிறது. ஐயா இருந்தால் பாதிப் புள்ளியாவது போட்டிருப்பார்.